அச்சுக்குக் கொடுக்கும் முன்



மிளகாய்த்தூள், மல்லித்தூள் முதலியவற்றைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கும் மளிகை வியாபாரிகள் நம்மில் பலர். இதற்குப் பெயரும் சின்னமும் அமைத்துத் தருபவர் டிசைனர். "பளிச்சென்று போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதாது. அவர் வேலை செய்யும் முறையை அறிந்திருந்தால் நம் பணம் வீணாகாது.

1. நல்ல டிசைனர் முதலில் படம் வரைவதில்லை, கேள்வி கேட்பார். சரக்கு என்ன, வாங்குபவர் யார், எத்தனை அச்சிட வேண்டும், லேபிள் தவிர பில் புத்தகம், பை, காலண்டர் ஆகியவற்றிலும் சின்னம் வருமா என்று விசாரிப்பார். எல்லாவற்றுக்கும் பொருந்துவதே நல்ல சின்னம். லேபிளில் பல வண்ணத்தில் அழகாக இருப்பது, ஒரே வண்ண பில்லில் கறைபோலத் தெரியக்கூடும்.

2. ஆப்செட் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளேட் வேண்டும். பிளாஸ்டிக் உறைகளைக் கிராவூர் முறையில் அச்சிட்டால் வண்ணத்துக்கு ஒரு சிலிண்டர். ஓர் எழுத்து பிழையானாலும் சிலிண்டரை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். குறைந்த அளவில் விற்பவர்கள் வெற்று உறையில் ஸ்டிக்கர் ஒட்டுவதே சிக்கனம்.

3. பாக்கெட் போடுபவர் பெயர், முகவரி, நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, பாக்கெட் செய்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி முதலியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். படத்துக்கு இடம் அதன் பிறகுதான். விலையும் தேதியும் மாறக்கூடியவை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, பிறகு முத்திரையிடலாம்.

4. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் வண்ணம் அப்படியே அச்சில் வராது. தாளில் எடுத்த புரூப் கேளுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்து, எடையையும் எண்களையும் இருமுறை பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட புரூப்பில் உள்ள பிழைக்கு அச்சகத்தாரைக் குறை கூற முடியாது.

5. நம் ஊழியரல்லாத டிசைனர் வரைந்த சின்னத்தின் பதிப்புரிமை, கூலி கொடுத்ததாலேயே நமக்கு வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் அதை எழுத்து மூலம் நமக்கு மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எனவே காலத்தையும் எழுதி வாங்குங்கள். மூலக் கோப்பையும் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். அது இருந்தால் எந்த அச்சகத்திலும் அச்சிடலாம்.

பல வருட உழைப்பில் சேர்வது கடையின் பெயர். அதைத் தாங்கிச் செல்லும் லேபிளுக்கு அரைநாள் செலவிடத் தயங்க வேண்டாம்.