வீட்டுக் கணினியும் தங்க வயலின் சுரங்கமும்

கோலார் தங்க வயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்டது. அத்தனை ஆழத்தில் மனிதர் வேலை செய்ய முடிந்ததற்குக் காரணம், காற்றை உள்ளே செலுத்திய இயந்திரங்களும் ஊற்றுநீரை வெளியேற்றிய இறைப்பான்களும் இடைவிடாமல் ஓடியதுதான். இறைப்பு நின்ற பின் சுரங்கத்தில் நீர் தானாகவே ஏறியது. எவரும் உள்ளே நீரை ஊற்றவில்லை. இறைக்காமல் விட்டதே போதுமாயிருந்தது.

வீட்டுக் கணினியும் பெரும்பாலும் இவ்வாறே கெடுகிறது. யாரோ ஒருவர் நம் கணினியைத் தேடிவந்து தாக்கினார் என்றே நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில், காலத்தே செய்யவேண்டிய பராமரிப்பு நின்றுபோன கணினிக்குள் தீங்கு தானே கசிந்து நுழைகிறது. 2017 மே 12-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரலை நினைவுகூர்வோம். அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. தங்க வயலுக்கு அருகேயுள்ள ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் அதற்கு இலக்காயின. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன. திருத்தத்தை ஏற்ற கணினிகளை அந்த வழியே அதனால் தொட முடியவில்லை.

ஆகவே, 'புதுப்பித்தல் உள்ளது' என்று திரையில் வரும் அறிவிப்பை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைப்பது சிறு பிழை அன்று. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. திருத்தங்கள் வராத கணினியில் பிள்ளைகள் பாடம் எழுதலாம், பழைய பாடல்கள் கேட்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்கவேண்டாம். விலை கொடுத்து வாங்காத, 'உடைத்த' மென்பொருளை ஏற்றிய கணினிக்கும் இது பொருந்தும். பூட்டை உடைத்துக் கொடுத்தவர் சாவி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன உறுதி?

இனி, ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சுரங்கம் மூடிய பிறகு தங்க வயலில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு பெங்களூருக்குச் செல்லும் ரயிலைச் சார்ந்தது. மாரிக்குப்பத்தில் விடியும் முன் வண்டியேறும் மகன், இரவுதான் வீடு திரும்புகிறான். வீட்டுக் கணினியை வாங்கியவனும் அதன் போக்கை அறிந்தவனும் அவனே. பகல் முழுவதும் அதன் முன்னே அமர்பவரோ, ஓய்வுபெற்ற தந்தை. மின்கட்டணம் செலுத்துகிறார், செய்தி படிக்கிறார், தம் பணிக்கொடையிலிருந்து மிச்சப்படுத்திய வைப்புத்தொகைக்கு வட்டி வந்ததா என்று பார்க்கிறார். கணினிப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மகனுக்கே எழுதப்படுகின்றன. ஏமாற்றுக்காரரோ தந்தையைத்தான் தேடுகிறார்.

ஒரு நாள் நண்பகலில் திரை முழுவதும் சிவந்து, அபாய ஒலி எழுகிறது: 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துள்ளது; அணைக்காதீர்கள்; உடனே இந்த எண்ணை அழையுங்கள்.' பெரியவர் அழைக்கிறார். மறுமுனையில் பேசுபவர் மிகுந்த மரியாதையுடன், எனிடெஸ்க் போன்ற ஒரு தொலை இயக்க மென்பொருளை இறக்கச் சொல்கிறார். அவை தம்மளவில் நேர்மையான கருவிகளே. அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்துபவை. ஆனால் அதில் தோன்றும் எண்ணை அந்நியருக்குச் சொல்லி அனுமதி அளித்த கணத்திலிருந்து, கணினி அவர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு, 'கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்' என்பார். திறந்ததும் இருப்புத் தொகை உயர்ந்திருப்பதுபோல் திரையில் தெரியும். 'தவறுதலாகக் கூடுதல் பணம் வந்துவிட்டது, என் வேலை போய்விடும் ஐயா, மீதியை அனுப்பிவிடுங்கள்' என்று அழுவார்.

உயர்ந்தது இருப்பு அன்று. திரையிலுள்ள எழுத்து மட்டுமே. உலாவியில் தோன்றும் பக்கத்தின் எண்களை, கணினியைக் கையில் வைத்திருப்பவர் நொடியில் மாற்றிக்காட்ட முடியும். வங்கியின் கணக்கில் எதுவும் மாறியிராது. ஏடிஎம் அட்டையால் இருப்பைப் பார்த்தாலோ, பாஸ்புக்கைக் கிளைக்குக் கொண்டுபோய்ப் பதிந்தாலோ உண்மை தெரிந்துவிடும். பாஸ்புக் காலாவதியான பழக்கம் என்று எண்ணும் இளைஞர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும்.

இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி மையங்களின் மீது மத்தியப் புலனாய்வுத் துறை 2023 அக்டோபரில் 'ஆப்பரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களே அதற்குப் புகார் அளித்திருந்தன. நாம் உறுதியாக அறிந்துகொள்ள வேண்டியது: உண்மையான பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் தொலைபேசி எண்ணுடன் வருவதில்லை. அச்செய்தி வெறும் இணையப் பக்கம். மூட முடியாவிட்டால் கணினியின் மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். அணைப்பதால் அந்தச் செய்தி மிரட்டும் கேடு எதுவும் வராது. மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்றே சொல்லவேண்டும்.

மகன் செய்துவைக்கக்கூடியவை சில உண்டு. தந்தைக்கென 'நிர்வாகி' உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைக் கணினியில் அமைத்துத் தரலாம். அக்கணக்கிலிருந்து புதிய மென்பொருள்கள் பலவற்றை மகனின் கடவுச்சொல் இன்றி நிறுவ முடியாது. இதுவும் முழுக் காப்பு ஆகாது. தொலை இயக்க மென்பொருள்களில் சில நிறுவாமலே ஓடக்கூடியவை. ஆயினும், 'மகன் வந்தபின் செய்கிறேன்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. அடுத்து, கோப்புகளின் முழுப்பெயரைக் காட்டுமாறு விண்டோஸை மாற்றியமைக்கவேண்டும். 2000 மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' புழு, காதல் கடிதம் என்ற பெயரில் எளிய உரைக்கோப்புபோல் வந்தது. அதன் உண்மையான வகையைக் குறிக்கும் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிட்டது. அந்த மறைப்பு இன்றும் வழக்கமான அமைப்பாகவே உள்ளது. 'நிலுவைத்தொகை உத்தரவு' என்று வரும் கோப்பு இன்றைக்கு அதே வேடத்தில் வரலாம்.

குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்துவைத்து, எடுத்தவுடன் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடவேண்டும். இணைத்தே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும்.

வங்கித் தளத்துக்குத் தேடுபொறி வழியாகச் செல்லாமல், முகவரியைத் தட்டச்சு செய்தே செல்வோம். முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னம், தகவல் வழியில் களவு போகாது என்பதை மட்டுமே குறிக்கும். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அது சான்று அன்று. இதற்காகவே, '.பேங்க்.இன்' என முடியும் முகவரிகளுக்கு மாறுமாறு இந்திய வங்கிகளை ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்தது.

இத்தனைக்குப் பின்னும் தவறு நேர்ந்துவிட்டால், தந்தை வெட்கத்தால் மகனிடம் சொல்லாமல் இருப்பதே பேரிழப்பு. முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்கவேண்டும். பின் தொலைபேசியில் வங்கியை அழைத்து, இணையவழி வங்கிச் சேவையையும் அட்டையையும் முடக்கச் சொல்லவேண்டும்; அடுத்து 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்கும் முயற்சி அங்கிருந்தே தொடங்குகிறது. கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றவேண்டும், அதே கணினியிலிருந்து அன்று.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் நாள் சுற்றறிக்கையில், குறை வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாதபோது, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்று வகுக்கப்பட்டது. கடவுச்சொல்லைத் தாமே கொடுத்துவிட்ட நிலையில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது என்றது அச்சுற்றறிக்கை. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது என்றும் அது கூறியது. மகன் ஏறிய ரயில் இரவில் மாரிக்குப்பம் வந்து சேரும்வரை காத்திருந்தால், அந்த நேரம் முழுவதும் தந்தையின் கணக்கிலேயே எழுதப்படும்.