குமரப் பருவத்தில் மனச்சோர்வு: வீடும் பள்ளியும்

குமரப் பருவத்தில் தோன்றும் மனச்சோர்வு பெரும்பாலும் நோயென்று உணரப்படுவதில்லை. பதினைந்து வயதுச் சிறுவன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். புத்தகத்தைத் தொட மறுக்கிறான். தலைவலி, வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான். வீட்டார் இதனைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் கொள்கின்றனர். வாட்டமோ எரிச்சலோ இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, முன்பு விரும்பிய விளையாட்டிலும் நாட்டம் அற்றுப்போகுமாயின், அதனைக் குணக்கேடு எனத் தள்ளாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம் முன்னின்று நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவிகிதத்தினரிடம் மனக்கோளாறு ஏதேனும் ஒன்று காணப்பட்டது. கிராமங்களில் இது 6.9 சதவிகிதம், பெருநகரங்களிலோ 13.5 சதவிகிதம்.

இந்நோயில் பரம்பரைக்கும் பங்குண்டு. எனினும், ஓயாத குடும்பச் சண்டை, தந்தையின் குடிப்பழக்கம், அடி உதை, வறுமை, பிற பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பழித்தல், பெண்ணின் படிப்பை நிறுத்திவிடுதல் முதலியன அதனை விளைவிக்கவும் வளர்க்கவும் கூடும். அமெரிக்காவில் மனச்சோர்வுற்ற 151 தாய்மாரையும் அவர்தம் மக்களையும் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. சிகிச்சையால் மூன்று மாதத்தில் தாயின் நோய் நீங்கிய குடும்பங்களில் பிள்ளைகளின் மனக்கோளாறுகளும் குறைந்தன. நீங்காத குடும்பங்களில் அவை சற்றே பெருகின. இதற்காகத் தாயைப் பழித்தல் தகாது. பல வீடுகளில் ஒருவரும் கவனியாத முதல் நோயாளி அவளே.

பள்ளியின் பங்கு யாது? பீகார் மாநிலத்து நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் கொண்டு நடந்த 'சேஹர்' என்னும் பரிசோதனை இதற்கு விடை கூறுகிறது. இதன் முடிவுகள் 2018இல் வெளியாயின. பள்ளிகள் மூன்று பிரிவுகளாக்கப்பட்டன. ஒரு பிரிவில், மனநல மருத்துவரல்லாத, ஆயினும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிதோறும் அமர்த்தப்பட்டார். மற்றொன்றில் அதே பணி அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவதில் இவ்விரு ஏற்பாடும் இல்லை. செய்யப்பட்டவை எளியவையே: காலைக் கூட்டத்தில் உரையாடல், சுவர்ப் பத்திரிகை, மாணவர் தம் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, வேண்டியவர்க்குத் தனி ஆலோசனை.

எட்டு மாதங்களுக்குப் பின் ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஆராய்ந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வுக் குறிகளும், ஒருவரையொருவர் துன்புறுத்துதலும் குறைந்திருந்தன. பள்ளி தமக்கு ஆதரவான இடம் என்ற எண்ணம் மாணவரிடையே வளர்ந்திருந்தது. ஆசிரியரிடம் பணியை விட்ட பள்ளிகளிலோ, ஏற்பாடு ஏதுமற்ற பள்ளிகளினின்று குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. பாடச்சுமையால் ஆசிரியருக்கு ஓய்வில்லை என்பதோடு, தனக்கு மதிப்பெண் இடுபவரிடமே மனக்குறையைக் கூற மாணவன் தயங்குவதும் இதற்குக் காரணமாகலாம்.

ஆலோசகர் இல்லாத ஊர்களில் உள்ளோர்க்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இச்சேவையை, 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். பெற்றோரும் இதன்வழி ஆலோசனை கேட்கலாம். தற்கொலை எண்ணத்தைப் பிள்ளை வாய்விட்டுக் கூறினால், அதனை வெற்று மிரட்டல் எனக் கொள்ளாது, தனியே விடாமல் உடனிருந்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.