வானத்திலும் வேலி உண்டு

புனேயில் பயிலும் நாம் போர் விமானங்களின் இரைச்சலுக்குப் பழகியவர்கள். லோகேகான் நிலையம் இந்திய விமானப் படைக்கு உரியது. சுகோய்-30 விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. இத்தகைய வானத்தில் சிறு விமானம் ஓட்டுபவர் தம் வழியை வகுப்பது எங்ஙனம்?

வரையறுக்கப்பட்ட வான்பகுதிகள் மூவகைப்படும். தடை செய்யப்பட்ட பகுதியில் பறக்கலாகாது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டே பறக்கலாம். அபாயப் பகுதியில் குறித்த வேளைகளில் ஆபத்தான செயல்கள் நடக்கக்கூடும்.

பாராமதியிலிருந்து நாசிக்குக்குப் படத்தில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். மேற்கே லோகேகான், கிழக்கே, அகமதுநகர் என்று நாம் அறிந்த அகில்யாநகரை அடுத்து, தரைப்படையின் கே.கே. சுடுகளம். தரையில் நடக்கும் பயிற்சிக்கும் வானத்திற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். பீரங்கிக் குண்டு வளைந்து, பல்லாயிரம் அடி உயர்ந்தே கீழிறங்கும்! மேகத்திற்கு அஞ்சி விலகும் விமானி, இவற்றுள் ஒன்றன் எல்லையை நெருங்கிவிடலாம்.

பயிற்சி வேளையை அறிவிக்கும் குறிப்பிற்கு ‘நோட்டம்’ என்று பெயர். ஆராய்ந்து பார்த்தலைத் தமிழிலும் நோட்டம் என்கிறோம், பொருத்தமான பெயர்தான்! அதில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். ‘0400 முதல் 0800 வரை’ என்றிருந்தால், நமக்குக் காலை 9.30 முதல் பிற்பகல் 1.30 வரை. ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தவர், பயிற்சி முடிந்துவிட்டதென்று எண்ணிப் பத்து மணிக்குக் கிளம்புவார்.

உயரத்திற்கும் கணக்கு உண்டு. லோகேகான் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,900 அடி. அங்கே தரையிலிருந்து 3,000 அடி வரை தடை எனக் கொள்வோம். கடல் மட்டத்தைக் காட்டும் உயரமானியில் அவ்வெல்லை 4,900 அடியாகும்.

கண்ணால் பார்த்து விலகலாமே என்றால், மணிக்கு 200 கிலோமீட்டரில் செல்லும் சிறு விமானமும் 800 கிலோமீட்டரில் வரும் போர் விமானமும் எதிரெதிரே வந்தால், இடையிலுள்ள மூன்று கிலோமீட்டர் பதினோரு விநாடியில் தீர்ந்துவிடும்.

ஆகவே, மாற்று வழி ஒன்றையும் முன்னரே வரைக. சுற்றிச் செல்லவும் எரிபொருள் கொள்க. பறப்புத் திட்டம் அளித்து வான்பாதுகாப்பு அனுமதி எண் பெறுக. கிளம்புமுன் நோட்டத்தை மீண்டும் காண்க. ஐயம் தீராவிடின் தரையிலேயே காத்திருப்பது நன்று.