சின்ன ஆம்புக்கு எங்கே செலவு செய்வது?

1970களின் தொடக்கத்தில் லண்டனில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை வீட்டுக்கு எடுத்து வந்தார். அதை ஒரு சிறிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியை இணைத்தார். வால்யூம் குமிழ்கூட இல்லாத அந்தப் பெட்டியில், ‘குயீன்’ குழுவில் அவருடன் வாசித்த பிரையன் மே தன் கிதாரைச் செருகினார். 1975இல் வெளியான ‘குட் கம்பெனி’ பாடலில் ஒரு பழைய ஜாஸ் பேண்டே வாசிப்பதுபோல் கேட்கிறதல்லவா? அது பிரையன் மேயின் கிதாரும் இந்தப் பெட்டியும்தான்.

மலிவான ஆம்ப் வாங்கிய ஆறே மாதத்தில் மனம் நொந்து, எதையாவது மாற்றத் துடிக்கும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மாற்றக் கூடாது என்பதற்காக அல்ல. காசு ஓரிடத்துக்குப் போகிறது, டோன் வேறிடத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியை உண்டாக்கும் சில நம்பிக்கைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: நல்ல வால்வ் போட்டால் ஆம்பே மாறிவிடும்

2000களில் வந்த எபிஃபோன் வால்வ் ஜூனியர் இதற்கு நல்ல உதாரணம். 5 வாட், ஒரே ஒரு குமிழ், ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக இரண்டு வால்வையும் பிடுங்கிவிட்டு விலையுயர்ந்த ஜோடியைப் போட்டார்கள். கழற்றி மாட்டச் சால்டரிங் வேண்டாம் என்பதால் வந்த ஆசை அது.

இன்று உலகில் வால்வ் செய்யும் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்லோவாக்கியாவில் ஒன்று, ரஷ்யாவின் சராத்தவ் நகரில் ஒன்று, சீனாவில் சில. முலார்ட், டங்-சோல் என்ற பழம்பெரும் பெயர்களைத் தாங்கி வரும் புது வால்வுகள் அந்தச் சராத்தவ் ஆலையில் செய்யப்படுபவை. பெயருக்குக் கொடுக்கும் பணம் பெயருக்கு மட்டுமே போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

தேய்ந்துபோன வால்வை மாற்றினால் வித்தியாசம் தெரியும். அது பழுது நீக்கம். தட்டினால் மணியடிப்பதுபோல் ஒலிக்கும் வால்வையும் மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருக்கும் 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு இன்னொரு 12ஏஎக்ஸ்7 போட்டால் நுட்பமான மாற்றம்தான் கிடைக்கும். உண்மையில் வேறு குணம் வேண்டுமென்றால் வேறு வகை வால்வைப் போட்டுப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100, 5751இன் காரணி 70. ஆம்ப் சீக்கிரமே கரகரத்துப்போகிறது என்று வருந்துபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

நம்பிக்கை: விலையுயர்ந்த கண்டென்சர் போட்டால் ஒலி இனிக்கும்

ஒரே மதிப்பும் ஒரே தாங்கும் வோல்டேஜும் உள்ள நல்ல நிலையிலுள்ள இரண்டு கண்டென்சர்களை, எது எதுவென்று தெரியாமல் கேட்டு, காதால் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். மதிப்பை மாற்றிப் பாருங்கள், உடனே கேட்கும். முதல் வால்வின் கேத்தோடில் 25 மைக்ரோஃபாரட் இருந்தால் அடி ஸ்வரங்கள் முழுதாகப் பெருகி வரும். மார்ஷல் ஆம்புகளில் பார்ப்பதுபோல் 0.68 போட்டால் அடி மெலிந்து, நடுவும் மேலும் முன்னால் வரும். அடித்தந்தி குழகுழவென்று கேட்கும் ஆம்புக்கு, சில ரூபாய் பெறும் இந்த ஒரு பாகம் பெரிய மருந்து.

பழைய ஆம்பில் பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் மட்டும் வேறு கதை. அவை காலப்போக்கில் காய்ந்துபோகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், காய்ந்த கண்டென்சரின் உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் கேட்கும். அவற்றை மாற்றுவது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

நம்பிக்கை: வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும்

ஆகாது. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 5 வாட்டை விற்று 15 வாட் வாங்குபவர் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது ஒன்று. சிறிய வால்வ் ஆம்புக்கு வேறொரு பலமும் உண்டு: தாங்கக்கூடிய சத்தத்திலேயே அது தன் எல்லையைத் தொட்டு இனிமையாக உடையும். 1970இல் ‘லைலா’ தொகுப்பைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் நம்பியது சிறிய ஃபெண்டர் சாம்பை.

நம்பிக்கை: டிரான்சிஸ்டர் ஆம்பில் டோன் வராது

பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்த லேப் சீரீஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120ம் அப்படியே. தெளிந்த ஒலி வேண்டுவோர் இன்றும் அதைத் தேடுகிறார்கள். டீக்கனின் பெட்டிக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள்தான் இருந்தன.

நம்பிக்கை: எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் நின்றுவிடும்

இதை வாசிக்கும் யாரும் இதைச் செய்யாதீர்கள். கிதாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் மின்சாரம் தந்திக்கே வரும், பிறகு விரலுக்கு. மைக்கை மற்றொரு கை தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். 1972இல் ஸ்வான்சீ நகர மேடையில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண்முன்னே இறந்தார்.

ஹம்முக்கு வேறு வழிகள் உண்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள்; சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ஒரு திசையில் உறுமல் சட்டென்று குறையும்.

கூடவே ஒன்று: வால்வ் ஆம்பைத் திறக்க நினைப்பவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம் என்பதை மறக்கக் கூடாது. அந்த மின்சாரத்தை வடிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

நம்பிக்கை: ஸ்பீக்கர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

இருப்பதிலேயே அதிகம் இழக்க வைக்கும் நம்பிக்கை இது. வால்வும் கண்டென்சரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து செய்வது வெறும் மின்னோட்டம். காற்றை அசைப்பது ஸ்பீக்கரின் கோன். கிதார் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் போன்றதும் அல்ல. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி வேகமாகச் சரியும். டிஸ்டார்ஷனின் கூரான முள்களை மழுக்கி நமக்குப் பிடித்த கரகரப்பாக்குவது இந்தச் சரிவுதான். அதே டிஸ்டார்ஷனை நேராக ஹை-ஃபை ஸ்பீக்கரில் கேட்டால், கலைத்துவிட்ட குளவிக்கூட்டின் இரைச்சல்தான் வரும்.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் டெசிபல் என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம் அது. 94 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, செலெஸ்டியன் விண்டேஜ் 30 போன்ற 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால் கூடுதல் 6 டெசிபல். அதாவது அதே 5 வாட் ஆம்ப் 20 வாட் ஆம்பின் சத்தத்தைத் தரும்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்கவும் முடியும். ஆம்பில் ஸ்பீக்கர் ஜாக் இருந்தால், 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு ஆம்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஓம் அளவு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஒரு நொடியும் வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம். இணைத்து ஒரு கார்டு அடித்ததும், இத்தனை நாள் வெறுத்த ஆம்பா இது என்று தோன்றும். 8 அங்குல ஸ்பீக்கரும் குட்டிப் பெட்டியும் விழுங்கிவிட்ட அடிநாதம் அங்கே திரும்பி வரும். அந்த ஒலி பிடித்திருந்தால் ஸ்பீக்கருக்குக் காசு கொடுங்கள்.

அதற்கும் முன்னால் காசே கேட்காத ஒரு சோதனை உண்டு. ஸ்பீக்கரின் மேல் ஸ்வரங்கள் டார்ச் வெளிச்சம்போல் நேராகப் பாய்பவை. ஆம்பைத் தரையில் வைத்து, நின்றுகொண்டு வாசித்தால் அவை முழங்காலுக்குப் போகின்றன. மந்தமான மீதிதான் காதுக்கு வருகிறது. அறை மூலையில் வைத்திருந்தால் சுவர்கள் அடி ஒலியையும் ஊதிவிடும். ஆம்பை மூலையிலிருந்து நகர்த்தி, ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். எப்போதும் வாசிக்கும் பாட்டையே வாசியுங்கள். ட்ரெபிள் குமிழை நீங்களே குறைக்க வேண்டியிருக்கும்.