விண்கலத்தில் ஒட்டிப் போகும் உயிர்கள்



எங்கள் புன்னைக்காயலில் வள்ளத்தைக் கரையேற்றியதும் அடிப்பக்கத்துப் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவார்கள். கடலில் கிடக்கும் எதிலும் உயிர் ஒட்டும். காற்றே இல்லாத விண்வெளியில் போகிற கலத்தில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் உயிர் இங்கிருந்தே ஒட்டிக்கொண்டு போகிறதாம்!

சுத்த அறையில் யார்?

விண்கலத்தைப் பூட்டும் அறையில் காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். கையுறை, முகமூடி இல்லாமல் உள்ளே போக முடியாது. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் உள்ள அப்படியோர் அறையில் கிடைத்ததுதான் 'பேசில்லஸ் புமிலஸ்' என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன்.

அது எப்படிப் பிழைத்தது? மருந்து போட்டுத் துடைக்கத் துடைக்க, நோஞ்சான்கள் செத்துப்போகும், முரடன் மிஞ்சுவான். ஈரமும் இரையும் இல்லாவிட்டால் இந்தப் பாக்டீரியா கெட்டியான உறைக்குள் ஒடுங்கி வித்தாகிவிடும். கருவாடு காய்ந்ததால் கெடாமல் இருக்கிறதே, அதுபோல உள்ளே நீர் குறைவதும் அதற்குக் காவல்.

வெளியே 18 மாதம்

2008-ல் இந்த வித்துகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வைத்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வெயில் படாமல் இருந்தவற்றில் 10 முதல் 40 சதவீதம் பிழைத்திருந்தன! புற ஊதாக்கதிர் பட்டவை ஏறக்குறைய எல்லாமே அழிந்தன. ஒரு சில மட்டும் தப்பின. ஆகவே வெற்றிடத்தைவிடச் சூரியனே பெரிய எமன். ஒரு தூசியின் நிழல் கிடைத்தாலும் அதற்குப் போதும்.

இதனால் என்ன?

செவ்வாயில் உயிர் இருக்கிறது என்று நாளை ஒருவர் அறிவித்து, அது நம் கைவிரலில் இருந்து போனதாக இருந்தால்? அதனால்தான் 1967 விண்வெளி ஒப்பந்தம், பிற கோள்களை அசுத்தப்படுத்தக் கூடாது என்கிறது. 1975-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய வைக்கிங் தரையிறங்கு கலங்களை 110 டிகிரிக்கு மேலான சூட்டில் வாட்டித்தான் அனுப்பினார்கள்.

நண்பர்களே, நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. அது சிறிய ராக்கெட்டுகளுக்கானதுதான். ஆனாலும் நட்டு முடுக்குகிற கை, நம்மைப் போல் டிப்ளமோ படித்தவன் கையாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒர்க்‌ஷாப்பில் "கையைத் துடைச்சிட்டு வாடா" என்று சார் அதட்டினால் முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை.