ஒரு பவுணுக்குள் எத்தனை அணுக்கள்?

புறக்கோட்டை

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய பயிற்சிக் கொப்பிப் பக்கங்களைப் பார்த்தேன். உன் பெருக்கல், வகுத்தலில் ஒரு குறையும் இல்லை. எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமலே கணக்கைத் தொடங்கிவிடுகிறாய். பிழை அங்கேதான் வருகிறது. சூத்திரங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு என்னோடு செட்டியார் தெருவுக்கு வா.

இங்குள்ள நகைக்கடைகளில் தராசைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். அதில் ஒரு பவுண் நகையை வைத்தால் 8 கிராம் காட்டும். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். 8 × 22 ÷ 24 = 7.33 கிராம். மிச்சம் 0.67 கிராம் செப்போ வெள்ளியோ இரண்டுமோ.

தராசு திணிவைத்தான் சொல்லும். அணுக்களின் எண்ணிக்கை வேண்டுமென்றால் மூலுக்குப் போகவேண்டும். ஒரு மூலில் 6.022 × 10²³ துணிக்கைகள். இந்த எண்ணை முன்பு அளந்து கண்டார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்றே வரையறுத்துவிட்டார்கள். தங்கத்தின் சார் அணுத்திணிவு 197. ஆகவே 197 கிராம் தங்கம் ஒரு மூல்.

கணக்கைச் செய்யுமுன் விடை எவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிடு. நம்மிடம் இருப்பது ஏழு கிராம் சொச்சம். அது ஒரு மூலுக்கு மிகவும் குறைவாகத்தானே இருக்கவேண்டும்? 1444 என்று வந்தால் வகுக்கவேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறாய். 7.33 ÷ 197 = 0.0372 மூல். அதை 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் 2.24 × 10²² தங்க அணுக்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. மிச்சம் 0.67 கிராமும் செப்பு என்று வைத்துக்கொள். செப்பின் சார் அணுத்திணிவு 63.5; ஆகவே அது 0.0105 மூல். இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார். திணிவில் செப்பு நூற்றுக்கு எட்டுப் பங்குதான். எண்ணிக்கையிலோ, நகையிலுள்ள ஒவ்வொரு நூறு அணுவிலும் ஏறத்தாழ 22 செப்பு அணுக்கள்! செப்பணு பாரம் குறைந்தது. அதனால் அதே திணிவுக்குள் அதிகம் அடங்கிவிடுகிறது. அணுக்கள் சேர்வதும் பிரிவதும் எண்ணிக்கைப்படிதான். இரசாயனவியலுக்கு மூல் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் காணவில்லை.

இலத்திரன் கணக்கில் நீ 197 ஐ எடுத்திருக்கிறாய். அது அணுத்திணிவு, புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்தது. இலத்திரனுக்கு அணுவெண்தான் வேண்டும். தங்கத்துக்கு அது 79. நடுநிலை அணுவில் புரோத்தன் எத்தனையோ இலத்திரனும் அத்தனை. எனவே அந்த நகையின் தங்கத்தில் மட்டும் 2.24 × 10²² × 79, அதாவது 1.77 × 10²⁴ இலத்திரன்கள். உலோகத்துக்குள் சில இலத்திரன்கள் ஓரணுவோடு ஒட்டாமல் அலைந்து திரியும். மொத்த எண்ணிக்கை மாறாது.

அயன் வந்தால் ஏற்றத்தைப் பார்க்காமல் விடாதே. சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள், சோடியம் அயனில் 10. சல்பேற்று அயனில் கந்தகத்துக்கு 16, நான்கு ஒட்சிசனுக்கு 32, இரு மறை ஏற்றத்துக்கு 2, ஆக 50.

வினாவில் 'மூல்' என்று கண்டால் எதன் மூல் என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கு. 18 கிராம் தண்ணீரில் மூலக்கூறு 1 மூல், அணு 3 மூல், இலத்திரன் 10 மூல். மூன்றும் சரியான விடைகள், கேட்கப்பட்டது ஒன்றுதான்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒரு கணக்குச் செய்து அனுப்பு. செப்புக்குப் பதிலாக அந்த 0.67 கிராமும் வெள்ளி என்று எடுத்துக்கொள். சார் அணுத்திணிவு 108. நூறு அணுவில் எத்தனை வெள்ளி? விடையை மட்டும் எழுதாதே, செய்த வழியையும் எழுது. 22 ஐவிடக் கூடுமா, குறையுமா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா