தம்பி பொறந்தா அக்காவுக்கு மடியில எடம் உண்டா?



கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது, ஊசி போடுவது, குளிப்பாட்டுவது பற்றியெல்லாம் குடும்பநல மாது வந்து நமக்குச் சொல்லித் தருகிறார். இம்முறை நாம் படிக்கப் போகும் பாடம் கைக்குழந்தையைப் பற்றியது அல்ல. கைக்குழந்தை வந்த அன்றே மடியிலிருந்து இறக்கி விடப்படும் மூத்த பிள்ளையைப் பற்றியது.

நம்ம லயத்தில் ஒரு காம்பராவை நினைத்துப் பார்ப்போம். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா புதுப் பிள்ளையோடு வந்து இறங்குகிறார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். ஒருவர் சவர்க்காரம் கொண்டு வருகிறார். இன்னொருவர் சின்னச் சட்டை கொண்டு வருகிறார். "அப்பன உரிச்சி வச்சிருக்கான்" என்று சிரிக்கிறார்கள். இஸ்தோப்பில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்து ஒரு மாமி சொல்கிறார்: "இனி ஒனக்கு ஒண்ணுமில்ல. அம்மா தம்பிக்குத்தான்!"

பெரியவர்களுக்கு அது பகிடி. பிள்ளைக்கு அது பகிடி இல்லை. எப்போதோ விட்டுப்போன பழக்கம் திரும்பி வருகிறது. பாயை நனைக்கிறது. பால் போத்தல் கேட்கிறது. யாரும் பார்க்காத நேரம் தம்பியைக் கிள்ளுகிறது. நாம் என்ன செய்கிறோம்? "இவ்வளவு பெரிய புள்ள, வெக்கமா இல்ல?" என்று முதுகில் ஒன்று வைக்கிறோம்.

இது கெட்ட குணம் அல்ல. பயம். 'அம்மா இனி எனக்கு இல்லையோ?' என்ற பயம். நாலு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. அதனால் கிள்ளிக் காட்டுகிறது.

இந்தப் பயம் நம்ம தோட்டத்துக்கு மட்டும் உரியதா? இல்லை. வேறு வேறு நாட்டு, வேறு வேறு இனத்துப் பிள்ளைகளுக்கும் இதே பயம் வந்திருக்கிறது. அவர்களுக்காக எழுதப்பட்ட படக்கதைப் புத்தகங்கள் மூன்றை இன்று பார்ப்போம். மூன்றும் ஆங்கிலப் புத்தகங்கள். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். படக்கதைப் புத்தகத்தில் பாதிக் கதையைப் படம்தான் சொல்லும். மீதியை நாம் நம்ம பேச்சிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

முதல் கதை: நாற்காலி

'பீட்டரின் நாற்காலி' என்ற புத்தகம் 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதிப் படமும் வரைந்தவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். போலந்து நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த ஏழை யூதக் குடும்பத்தில் 1916இல் பிறந்தவர். ஆனால் அவர் புத்தகத்தில் வரும் பீட்டர் ஒரு கறுப்பினச் சிறுவன்.

பீட்டருக்கு சூசி என்று ஒரு தங்கச்சி பிறக்கிறாள். அவன் கட்டை அடுக்கி விளையாடும்போது கட்டைகள் சரிந்து சத்தம் வருகிறது. "மெதுவாக விளையாடு, வீட்டில் பாப்பா இருக்கிறது" என்கிறார் அம்மா. அவன் படுத்த தொட்டிலுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசித் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் சாப்பிட உட்கார்ந்த உயரமான நாற்காலிக்கும் அப்பா சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். சாயம் படாமல் மிச்சமிருப்பது அவனுடைய சின்ன நாற்காலி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு, நாயையும் கூட்டிக்கொண்டு, வீட்டை விட்டே கிளம்புகிறான். போனது எவ்வளவு தூரம்? வீட்டு வாசல் வரைதான். அங்கே நாற்காலியைப் போட்டு உட்காரப் பார்க்கிறான். முடியவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், நாற்காலி அவனுக்குப் போதவில்லை.

பிறகு அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். உள்ளே போய்ப் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்காருகிறான். அப்பாவிடம் அவனே சொல்கிறான், அந்தச் சின்ன நாற்காலிக்கும் தங்கச்சிக்காகச் சாயம் பூசுவோம் என்று. அப்பாவும் மகனும் சேர்ந்து பூசுகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை. "நீ பெரியவன், விட்டுக்குடு" என்று யாரும் அதட்டவில்லை. தனக்கு அது சின்னதாகிவிட்டது என்று பிள்ளையே கண்டுகொண்டான். அதன் பிறகு கொடுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டாம் கதை: மடி

1972ஆம் ஆண்டு ஆன் ஹெர்பர்ட் ஸ்கொட் எழுத, குளோ கோல்சன் படம் வரைந்த புத்தகம் 'அம்மாவின் மடியில்'. வடதுருவத்தை ஒட்டிய பனி நாட்டில் வாழும் இன்யூட் இனத்துக் குடும்பம் ஒன்றின் கதை இது. மைக்கேல் என்ற சிறுவன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஆடுகிறான். இறங்கிப் போய்ப் பொம்மையைக் கொண்டு வருகிறான். பிறகு விளையாட்டுப் படகு, நாய்க்குட்டி, பனிமான் போர்வை. எல்லாவற்றுக்கும் மடியில் இடம் இருக்கிறது. அப்போது பாப்பா விழித்து அழுகிறது. உடனே மைக்கேல், இனி இடமில்லை என்கிறான்!

அம்மா அவனைத் திட்டவில்லை. பார்ப்போமே என்று பாப்பாவையும் எடுத்து வருகிறார். எல்லாரும் மடியில் அடங்கிவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

நம்ம ஊரிலே குளிர் காலத்தில் ஒரு கம்பிளிக்குள் நாலு பேர் சுருண்டு படுக்கிறோம். இடம் என்பது மடியின் அகலத்தில் இல்லை, அம்மாவின் மனசில் என்று இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்கு வாயால் சொல்லவும் வேண்டும், மடியில் இருத்திக் காட்டவும் வேண்டும்.

மூன்றாம் கதை: மாமா

எலொய்ஸ் கிரீன்ஃபீல்ட் என்ற கறுப்பின எழுத்தாளர் 1974இல் எழுதிய கதை இது. படம் வரைந்தவர் ஜோன் ஸ்டெப்டோ. கெவின் என்ற பையன் தம்பி வேண்டுமென்று கேட்டிருந்தான். வந்ததோ தங்கச்சி. எப்போதும் அழுகை. வருகிறவர்கள் எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். கெவினுக்குப் பொறுக்கவில்லை. அப்போது அம்மா ஒரு செய்தி சொல்கிறார்: அம்மாவும் ஒரு காலத்தில் இப்படிச் சின்னப் பெண் பிள்ளையாகத்தான் இருந்தார்; மாமாதான் அண்ணனாக இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். கெவின் மாமாவைப் புதிதாகப் பார்க்கிறான். அண்ணன் என்பதன் அர்த்தம் அவனுக்கு அங்கேதான் விளங்குகிறது.

தாய்மாமன் உறவு நமக்குப் புதிதா? காதுகுத்துக்கும் சடங்குக்கும் மாமன் சீர் இல்லாமல் நடக்குமா? "ஒங்க மாமா என்னைய இப்பிடித்தான் தூக்கிக்கிட்டு திரிஞ்சாரு" என்று நம்ம பிள்ளைகளுக்கும் சொல்லலாமே.

கண்ணாடியும் ஜன்னலும்

ஏன் வேறு இனத்துப் புத்தகங்களைப் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர் ஒரு கணக்கு எடுத்தார். 1962 முதல் 1964 வரையான மூன்று வருடத்தில் வந்த சிறுவர் புத்தகங்கள் 5,206ஐப் பார்த்தார். அவற்றில் 349இல் மட்டுமே ஒரு கறுப்பினத்தவராவது இருந்தார். மற்றப் புத்தகங்களைத் திறந்த கறுப்பினப் பிள்ளை தன் முகத்தையே காணவில்லை. பீட்டரும் கெவினும் அந்தக் குறையைத் தீர்க்க வந்த பிள்ளைகள்.

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990இல் இதை அழகாக விளக்கினார். பிள்ளைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். கண்ணாடியில் நம்மைப் பார்க்கிறோம். ஜன்னலில் அடுத்தவரைப் பார்க்கிறோம்.

நம்ம ஜன்னலுக்கு அமெரிக்கா வரைக்கும் போகவும் தேவையில்லை. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை தன் தம்பியை 'மல்லி' என்கிறது, தங்கச்சியை 'நங்கி' என்கிறது. அக்காவை? நம்மைப் போலவே 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறது! கடைவீதியில் இருக்கும் முஸ்லிம் குடும்பங்களில் அக்காவை 'தாத்தா' என்பார்கள், அண்ணனை 'நானா' என்பார்கள். பேர்தான் வேறு. தம்பி பிறந்த அன்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அக்கா வேறு, ஆயம்மா வேறு

இப்போது மனசைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொண்டு ஒரு விசயத்தைப் பேசுவோம்.

அந்தக் கதைகளில் மூத்த பிள்ளை உதவி செய்வதும் உண்டு. ஆனால் எந்தக் கதையிலும் கைக்குழந்தையின் பொறுப்பு அதன் தலையில் விழவில்லை. நம்ம லயங்களில் சில வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். "இன்னைக்கி ஒரு நாளைக்கி தம்பியப் பாத்துக்க, ஸ்கூலுக்கு நாளைக்கிப் போகலாம்" என்று ஒன்பது வயது அக்காவிடம் சொல்கிறோம். அந்த ஒரு நாள் இரண்டாகிறது, வாரமாகிறது. திரும்பிப் பள்ளிக்கூடம் போகும்போது கணக்குப் பாடம் தூரம் போய்விட்டது. பிள்ளை பின்வாங்கில் உட்காருகிறது. பிறகு ஒரு நாள், "எனக்குப் படிப்பு வராதும்மா" என்கிறது.

படிப்பு வராமல் இல்லை. நாம்தான் வரவிடவில்லை.

பெற்றோரை நாம் குற்றம் சொல்லவில்லை. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை என்பது நமக்கும் தெரியும். ஆனாலும் இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் போவது கட்டாயம். முன்பு 14 வயது வரை இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, ஆயம்மா இருக்கிறார். அக்காவுக்கு இருப்பது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால், பீட்டரிடமிருந்து நாற்காலியைப் பிடுங்கியது போல ஆகும். பீட்டருக்காவது வேறு பெரிய நாற்காலி இருந்தது.

அப்படியானால் மூத்த பிள்ளை ஒன்றுமே செய்யக் கூடாதா? செய்யலாம். துணி மடித்துக் கொடுக்கலாம், பவுடர் டப்பாவை எடுத்துத் தரலாம், பாட்டுப் பாடலாம், அந்திக்குத் தம்பிக்குப் பக்கத்தில் இருந்து கதை சொல்லலாம். பள்ளிக்கூட நேரத்தைத் தொடாத, பிள்ளையின் கைக்கு அடங்கிய வேலையாக இருக்கட்டும்.

நம்ம புத்தகத்தை நாமே செய்வோம்

தமிழில் படக்கதைகள் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி: இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கைத்தொலைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். ஆனால் லயத்தைக் காட்டும் புத்தகம் வேண்டுமென்றால், அதை நாமே செய்வதுதான் நல்லது.

பழைய கொப்பியில் எஞ்சிய நடுத்தாள் மூன்றை எடுத்து, நடுவில் மடித்து, ஊசி நூலால் தைத்தால் 12 பக்கப் புத்தகம் தயார். பிள்ளை வரையட்டும். அது சொல்லச் சொல்ல நாம் எழுதுவோம். எழுதத் தெரியாவிட்டால் படம் போதும். வரைய வேண்டிய படங்கள்:

1. அம்மாவின் வயிற்றில் நான் காது வைத்துக் கேட்கிறேன்.
2. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் யார் வீட்டில் படுத்தேன்?
3. பாப்பா வீட்டுக்கு வந்த நாள்.
4. எனக்குக் கோபம் வந்த நாள்.
5. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கியவர்கள்.
6. அம்மா மடியில் நாங்கள் எல்லாரும்.

நாலாவது படத்தை விட்டுவிடாதீர்கள். "கோவமெல்லாம் எழுதக் கூடாது" என்று பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். கோபத்தைத் தாளில் வரைந்த பிள்ளைக்குத் தம்பியைக் கிள்ள வேண்டிய தேவை குறையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பாப்பா பிறக்கும் முன்பே மூத்த பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். பாயை மாற்றுவதோ, முன்பள்ளிக்கு அனுப்புவதோ, அதையும் முன்பே செய்யுங்கள். தம்பி வந்துதான் தன்னைத் தள்ளினான் என்று அது நினைக்கக் கூடாது.

ஒவ்வொரு நாளும் கால் மணி நேரமாவது மூத்த பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். அம்மாவால் முடியாவிட்டால் அப்பா கொடுக்கட்டும். பீட்டரின் கதையில் சாயம் பூசியது அப்பாதான்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: முதலில் அக்காவோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தம்பியைப் பார்க்கட்டும்.

கூடிப் பேசுவோம்

அடுத்த தாய்மார் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் பேசிப் பாருங்கள்.

1. உங்களுக்குத் தம்பி, தங்கச்சி பிறந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்று உங்களை யார் தூக்கினார்கள்?
2. நம்ம லயத்தில் பிள்ளை பார்க்கிறதற்காகப் பள்ளிக்கூடம் நின்ற அக்காமார் இருக்கிறார்களா? அவர்களைத் திரும்ப அனுப்ப நாம் என்ன செய்யலாம்?
3. பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையை விடுவதற்கு எது தடையாக இருக்கிறது?

'தம்பியுள்ளான் படைக்கு அஞ்சான்' என்று நாம் சொல்லுகிறோம். அது வளர்ந்த பிறகு. நாலு வயதில் தம்பி வந்ததே அந்தப் பிள்ளைக்குப் பெரிய படையெடுப்புத்தான். இன்று அந்திக்கு மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை இறக்கி வைத்ததும், கைக்குழந்தையை எடுக்கு முன் மூத்ததை ஒரு தடவை கட்டி அணையுங்கள். "வா, ஒனக்கும் எடமிருக்கு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைத்தான் அது காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.